அந்த ஒரு மணி நேரம்

கேள்வி: என் மகனுக்கு 7 மாதம். 34 வாரத்திலேயே பிறந்தவன். இரண்டு மாதமாக அழும்போதும் முக்கும்போதும் வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்குகிறது, தூங்கினால் வற்றிவிடுகிறது. (போன வாரம் ஒருநாள் மட்டும் ஒரு மணி நேரம் உள்ளே போகவே இல்லை, பாலையும் கக்கிவிட்டான். அப்புறம் தானாகப் போய்விட்டது.) டாக்டர் ஹெர்னியா (குடலிறக்கம்), ஆபரேஷன் செய்யணும் என்கிறார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தானாகவே சரியாகிவிட்டது என்று சொல்லி, மாமியார் அரைஞாண் கயிற்றில் ஒரு ரூபாய்க் காசு வைத்துக் கட்டியிருக்கிறார். கணவர் துபாயில் இருக்கிறார். சித்திரையில் வந்து, குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்ட பிறகு பார்க்கலாம் என்கிறார். அவர் இல்லாமல் யார் கையெழுத்துப் போடுவது? இவ்வளவு சின்னக் குழந்தை மயக்க மருந்தைத் தாங்குமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: மயக்க மருந்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரியை அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிவிட்டீர்களே அம்மா! அந்த ஒரு மணி நேரத்தை டாக்டரிடம் சொன்னீர்களா? சொன்னதாக எழுதவில்லை. சொல்லியிருந்தால் அவர் உங்களை வீட்டுக்கே அனுப்பியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று நடந்ததைப் புரிந்துகொள்ளுங்கள். கருவில் இருக்கும்போது ஆண் குழந்தையின் விரை வயிற்றிலிருந்து விதைப்பைக்கு இறங்கும். வயிற்றின் உட்சவ்வும் ஒரு சிறு பையாகக் கூடவே இறங்கும். பிறகு அந்தப் பையின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு அது மூடாமல் இருப்பது அதிகம், அதிலும் வலது பக்கம் அதிகம். அழுது முக்கும்போது அந்த வாய் வழியாகக் குடல் இறங்குகிறது, அழுகை நின்றால் திரும்பிப் போகிறது. அன்று அது திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. மாட்டிய குடல் வீங்கும், வீங்க வீங்க வாய் இன்னும் இறுக்கும், கடைசியில் ரத்த ஓட்டமே நிற்கும். சில மணி நேரம் அப்படியே இருந்தால் குடல் அழுகத் தொடங்கிவிடும். விரைக்குப் போகும் ரத்தக் குழாயும் அதே குறுகிய வழியில்தான் போகிறது. ஆகவே குடல் பிழைத்தாலும் விரை சுருங்கிப் போகலாம். உங்கள் மகன் கக்கியதை பால் அதிகமானதால் என்று நினைத்துவிடாதீர்கள். இப்படி மாட்டிக்கொள்வது முதல் வயதில்தான் மிக அதிகம். ஒருமுறை மாட்டியது மறுபடியும் மாட்டலாம், அடுத்த முறை தானாகத் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சரியானது அநேகமாகத் தொப்புள் ஹெர்னியா. அது பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாக மூடிவிடும். தொடை இடுக்கில் வருவது அப்படி மூடாது. காசு தோலுக்கு மேலே அழுத்துகிறது, திறப்போ தசைக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. இறுக்கிக் கட்டிய கயிறு தோலைப் புண்ணாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. அந்தக் காசை அவிழ்த்து மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் முன் வைக்கச் சொல்லுங்கள். மொட்டை சித்திரையிலேயே இருக்கட்டும், குலதெய்வம் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். தாயின் கையெழுத்தே போதும். தகப்பன் வெளிநாட்டில் இருக்கும்போது குழந்தைக்குப் பொறுப்பு நீங்கள்தான். அந்தப் பொறுப்பை "அவர் வரட்டும்" என்று தள்ளிவைப்பதை நான் பணிவு என்று சொல்ல மாட்டேன், கடமை தவறுவது என்றுதான் சொல்வேன். குடும்பத்தில் பெரியவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியங்கள் நிறைய இருக்கின்றன, இது அதில் சேராது. இன்று இரவே கணவருக்கு போன் செய்து அந்த ஒரு மணி நேரத்தை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், அவருக்கு அது தெரியாது என்றே படுகிறது. தெரிந்த தகப்பன் மொட்டைக்குக் காத்திரு என்று சொல்ல மாட்டான்.

நாளைக் காலையிலேயே குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை நிபுணரிடம் போங்கள். பெரியவர்களுக்கு ஹெர்னியா செய்கிறவரிடம் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள், அங்கே செலவும் இருக்காது. கீழ்வயிற்று மடிப்பில் சுமார் 2 செ.மீ. கீறி, பையைக் கண்டுபிடித்து, அதில் ஒட்டியிருக்கும் விந்துக் குழாயையும் ரத்தக் குழாய்களையும் பிரித்து விலக்கிவிட்டு, பையின் கழுத்தை உயரத்தில் கட்டிவிடுவார்கள். பெரியவர்களுக்கு வைக்கிற மெஷ் வலை குழந்தைக்கு வேண்டாம். சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்பராஸ்கோப்பியிலும் செய்யலாம், அதில் இடது பக்கமும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். திட்டமிட்டுச் செய்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மாட்டிய பிறகு அவசரமாகச் செய்யும்போது அந்தப் பை நனைந்த காகிதம் போலக் கிழியும். விந்துக் குழாய்க்குச் சேதம், மறுபடி இறங்குவது எல்லாம் அப்போதுதான் கூடுகிறது.

மயக்க மருந்தைப் பற்றிய பயம் நியாயமானது. குறைமாதக் குழந்தைகளுக்கு மயக்கம் தெளிந்த பிறகு மூச்சு சிறிது நேரம் நின்று நின்று வரலாம். கருவிலிருந்த வாரங்களையும் பிறந்த பிறகான வாரங்களையும் கூட்டி 60-க்குள் இருந்தால் ஓர் இரவாவது கண்காணிப்பில் வைப்பார்கள். உங்கள் மகனுக்கு 34-உம் சுமார் 30-உம் சேர்த்து 64 ஆகிறது. ரத்தசோகை இல்லாமல் இருந்தால் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பவும் கூடும். குறைமாதம் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். தேதியைத் தள்ள அது சரியான காரணம்தான், அதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும், பசும்பால், பால் பவுடர், கஞ்சி எல்லாவற்றையும் 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். பசியில் அழுகிறானே என்று வீட்டில் யாராவது ஒரு பாலாடை பால் புகட்டிவிட்டால், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகும். அப்படி நடந்துவிட்டால் திட்டுவார்களே என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிறகு வலிக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலில் பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள். சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், சிரப்பிலோ 5 மி.லி.க்கு 125 அல்லது 250. ஒன்றின் அளவை இன்னொன்றில் ஊற்றினால் ஆபத்து. காயம் ஆறும்வரை எண்ணெய்க் குளியல், மஞ்சள் பூசுவது, அரைஞாண் எதுவும் வேண்டாம். விதைப்பை சில நாள் வீங்கிக் கன்றியிருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆபரேஷன் தேதி வரும்வரை ஒவ்வொரு முறை டயப்பர் மாற்றும்போதும் தொடை இடுக்கைத் தொட்டுப் பாருங்கள். வீக்கம் கல்லாக இருந்தால், தொட்டால் வீறிட்டால், தோல் சிவந்தால், வாந்தி வந்தால், அதிலும் பச்சையாக வந்தால், வீட்டில் யாரும் அமுக்கித் தள்ளக் கூடாது, பாலும் கொடுக்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள். போனதும் முதலில், எத்தனை மணிக்கு வீங்கியது, கடைசியாக எப்போது பால் குடித்தான் என்று சொல்லுங்கள். போன வாரத்து ஒரு மணி நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.