கேள்வி நேரம்: பேரணி முடிந்த பிறகு யார் பேசுவது?

கேள்வி: டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்குப் போன வருடம் எங்கள் இளைஞர் மன்றம் பேரணி நடத்தியது. உறுதிமொழியும் எடுத்தோம். ஆனால் பையன்கள் ஒருவர்கூடச் சந்தேகம் கேட்கவில்லை. இந்த முறை என்ன செய்யலாம்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: சித்தப்பாவும் மாமாவும் பார்த்துக்கொண்டிருக்கும் தெருவில் எந்தப் பையன் வாயைத் திறப்பான்? ஒரு வாரம் முன்பே மன்றத்தில் பூட்டிய பெட்டி வைத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடச் சொல்லுங்கள். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக, இருபது பேருக்கு மிகாமல் உட்காரவைத்துப் பேசுங்கள். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகரை அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

ஆணுறையைப் படமாகக் காட்டினால் போதாது, மர மாதிரியில் மாட்டிக் காட்டவேண்டும். காலாவதித் தேதி பார்த்து, பாக்கெட்டை ஓரத்தில் கையால் கிழிக்கவேண்டும். பல், கத்தரி கூடாது. நுனியை விரலால் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு அடிவரை உருட்டவேண்டும். உருளவில்லை என்றால் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்; அதைத் திருப்பி மாட்டாமல் புதிதாக ஒன்றை எடுக்கவேண்டும். உறவு முடிந்ததும், விறைப்பு தளர்வதற்குள், அடியைப் பிடித்துக்கொண்டு எடுக்கவேண்டும்.

கிழிவதற்குப் பெரும்பாலும் நம் பழக்கங்களே காரணம். மாதக்கணக்கில் பர்ஸிலும் வெயிலில் நிற்கும் பைக்கிலும் கிடந்தால் ரப்பர் கெட்டுவிடும். தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும். தண்ணீர் அல்லது சிலிகான் சார்ந்த ஜெல்தான் சரி. இரட்டைப் பாதுகாப்பு என்று இரண்டை மாட்டினால் உராய்ந்து கிழியும்.

அன்றைக்கே ஊர்ப் பந்தலில் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை வைக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். சம்மதமும் ரகசியமும் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தந்த உரிமை. முதல் சோதனையில் ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம்) என்று வந்தாலே முடிவாகிவிடாது. வேறு வேறு கிட்களில் உறுதிசெய்தே சொல்வார்கள். அதற்குள் பந்தலில் கிசுகிசு பரவினால் ஒருவர் ஊரிலேயே இருக்க முடியாமல் போகலாம்.

கேள்வி: ஆணுறை கிழிந்துவிட்டால் மறுநாளே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: தெரியாது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகச் சில வாரங்கள் ஆகும். வழக்கமான சோதனையில் 3 மாதம் கழித்து வரும் நெகட்டிவைத்தான் நம்பலாம். மறுநாள் செய்யவேண்டியது வேறு. 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுக்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்; ஆபத்தின் அளவைப் பார்த்து அவர் முடிவெடுப்பார். எங்கே போவது என்று குழம்பினால் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை.