நாடு இல்லாத காலத்தில் ஒரு பாடத்துறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்கு வந்திருந்த போலந்து நாட்டு இணையர், சேதுபதி தஞ்சை மராத்தியரோடு பொருதும் சுவரோவியத்தின் முன் நெடுநேரம் நின்றனர். தாங்கள் கலை வரலாறு படித்தவர்கள் என்றும், அத்துறை தொடங்கியபோது தங்களுக்கென்று நாடே இருக்கவில்லை என்றும் சொன்னார்கள். நாடில்லாமல் பல்கலைக்கழகத் துறை எப்படி வந்தது?
– வாசகர், கீழக்கரை

பதில்: அவர்கள் சொன்னதில் மிகையில்லை. 1795இல் நடந்த மூன்றாம் பிரிவினையோடு போலந்தை இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்றும் முழுதாகப் பங்கிட்டுக்கொண்டன. மீண்டும் விடுதலை கிடைத்தது 1918இல். கிராக்கோவ் நகரின் யாகியெலோனியப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றுக்கென்று பேராசிரியர் இருக்கை அமைந்ததோ 1882இல். அதில் முதலில் அமர்ந்தவர் மரியான் சொகொவோவ்ஸ்கி.

தலைநகரான வார்சாவில் தொடங்காமல் ஏன் கிராக்கோவில் தொடங்கியது என்று கேட்டால், விடை கலையில் இல்லை, மொழியில் இருக்கிறது. 1830ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு வார்சா பல்கலைக்கழகத்தை இரஷ்ய அரசு மூடியது; 1869இல் அங்கே திறந்த பல்கலைக்கழகத்தில் பாடமொழி இரஷ்யன். கிராக்கோவ் அடங்கிய, ஆஸ்திரியாவின் பங்கான கலீசியாவுக்கோ 1860களில் தன்னாட்சி கிடைத்தது, வகுப்பறைக்குள் போலிஷ் மொழியும் திரும்பியது. ஆஸ்திரியப் பேரரசின் வியன்னாவில் 1852 முதலே ருடால்ஃப் ஐடெல்பெர்கர் கலை வரலாற்றுப் பேராசிரியராக இருந்ததால், இப்படியொரு பாடம் வேண்டும் என்று கேட்பதும் புதுமையாகத் தோன்றவில்லை.

இருக்கைக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது என்பதுதான் எனக்குச் சுவையான செய்தி. கிராக்கோவில் 1872இல் அறிவியல் கழகம் ஒன்று எழுந்தது. மறு ஆண்டே, போலந்தின் கலை வரலாற்றை ஆராய அது ஒரு குழுவை அமைத்தது. அதன் முன்னோடிகளில் ஒருவரான வ்வாதிஸ்வாவ் வூஷ்ச்கியேவிச் அடிப்படையில் ஓவியர். கவின்கலைப் பள்ளி மாணவர்களை ஊர் ஊராக அழைத்துச் சென்று, பழைய தேவாலயங்களின் சுவரையும் வாயில் வளைவையும் அளக்கவும் வரையவும் வைத்தார். அழகு என்றால் என்ன என்ற தத்துவக் கேள்வியைவிட, எந்த ஊரில் எது எஞ்சியிருக்கிறது என்ற கணக்கே அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது. கிராக்கோவில் போலந்து அரசர்களின் வாவெல் கோட்டையிலேயே 1905 வரை ஆஸ்திரியப் படைவீரர்கள் குடியிருந்தார்கள் என்றால், அந்த அவசரம் புரியும்.

சொகொவோவ்ஸ்கி இந்தக் கணக்கைப் பல்கலைக்கழகப் பாடமாக மாற்றினார். கிராக்கோவின் சர்த்தோரிஸ்கி அருங்காட்சியகத்தையும் அவர் நடத்தியதால், பொருளைக் கண்முன் வைத்துப் பேசும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. போலந்துக் கலையைத் தனித்தீவாகக் காட்டாமல், இத்தாலியிலிருந்தும் செருமனியிலிருந்தும் பைசாந்தியக் கிழக்கிலிருந்தும் வந்தவை கலந்த இடமாக அவர் பார்த்தார். நாடிழந்தவர் ஒருவருக்கு இந்த நிதானம் எளிதன்று என்பது என் எண்ணம். இரண்டாம் இருக்கை 1893இல் அதே கலீசியாவின் லிவிவ் நகரில் யான் பொவொஸ் அந்தோனியேவிச்சுக்குக் கிடைத்தது. ஆர்மீனிய வழிவந்த அவர் இலக்கியத்திலிருந்து வந்தவர். தம் காலத்துக்கு நெருங்கிய ஓவியங்களும் ஆய்வுக்கு உரியவை என்று கருதி, 1764 முதல் 1886 வரையிலான போலந்துக் கலையை 1894இல் அந்நகரில் கண்காட்சியாகவே அடுக்கிக் காட்டினார். வார்சாவும் போஸ்னானும் முதல் உலகப் போரை ஒட்டித்தான் இந்த வரிசையில் சேர்ந்தன.

கேள்வி: எங்கள் பக்கத்துப் பழைய பள்ளிவாசல் தூண்களைப் பார்த்து, இது யாருடைய கலை என்று வழக்காடுபவர்கள் உண்டு. அங்கும் அப்படி உண்டா?
– வாசகர், மண்டபம்

பதில்: நன்றாகவே உண்டு. கிராக்கோவின் புனித மரியா தேவாலயத்தில் 1477க்கும் 1489க்கும் இடையில் செய்த பெரிய பலிபீடம் இருக்கிறது. மரியாளைச் சூழ்ந்து நிற்கும் திருத்தூதர்கள் லிண்டன் மரத்தில் ஆளைவிடப் பெரிதாகச் செதுக்கப்பட்டவர்கள். அருகே போய்ப் பார்த்தால் முதியவர்களின் புறங்கையில் நரம்பு புடைத்திருப்பது தெரியும். அதைச் செதுக்கியவரைப் போலந்தினர் வீத் ஸ்த்வோஷ் என்பர், செருமானியர் ஃபைட் ஷ்டாஸ் என்பர். நியூரம்பெர்கிலிருந்து வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிராக்கோவில் உழைத்து 1496இல் நியூரம்பெர்குக்கே திரும்பியவர் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற வழக்கு, இரு தரப்பு அறிஞர்களின் மையையும் தலைமுறைக் கணக்கில் குடித்தது. இரண்டாம் உலகப் போரில் செருமானியர் பலிபீடத்தையே நியூரம்பெர்குக்குக் கொண்டுபோனார்கள். 1946இல் அது திரும்பி வந்தது. உங்கள் பகுதித் தூண்களைப் பொறுத்தவரை, யாருடையது என்பதற்கு முன் எந்தக் கல், எந்த உளி, எந்தக் காலம் என்று கேட்பவரோடு மட்டும் பேசுங்கள்.

கேள்வி: அந்தத் துறையில் பெண்களுக்கு இடம் இருந்ததா?
– வாசகி, தொண்டி

பதில்: தாமதமாகத்தான். பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் தகுதியைப் போலந்தில் முதலில் பெற்ற பெண் கரோலினா லான்ட்ஸ்கொரோன்ஸ்கா. அது 1930களின் நடுவில், லிவிவில். போர்க்காலத்தில் செருமானியர் அவரைக் கைதுசெய்து ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் அடைத்தனர். அங்கும் அவர் உடனிருந்த கைதிகளுக்குக் கலை வரலாற்றுப் பாடம் நடத்தினார்.