திருவாதிரை மங்கியது ஏன்?

கேள்வி: என் பேத்திக்குத் திருவாதிரை நட்சத்திரம். சில ஆண்டுகளுக்கு முன் அது மங்கி, வெடிக்கப்போகிறது என்றார்களே ஐயா, இப்போது எப்படி இருக்கிறது?
(வாசகி, குடியாத்தம்)

பதில்: நன்றாக இருக்கிறது அம்மா. 2020 பிப்ரவரியில் சத்துவாச்சாரி மொட்டைமாடியில் நின்று தினமும் அதைப் பார்த்தேன். வழக்கமாக ரோகிணியைவிடப் பிரகாசமாக இருக்கும் திருவாதிரை, அப்போது ரோகிணிக்குக் கீழே போயிருந்தது. நாற்பது வருடமாக வானம் பார்க்கிறேன், அன்று நெஞ்சு படபடத்தது.

திருவாதிரை ஒரு செம்பெருமீன். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்து, ஊதிப்போன முதிய விண்மீன். நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிடும். அவ்வளவு ஊதியதால் மேற்பரப்பில் ஈர்ப்புப் பிடி தளர்ந்துவிட்டது. உள்ளிருந்து பெரும் குமிழ்கள், பொங்கல் பானையில் எழுவதுபோல், மேலே வரும். 2019 இலையுதிர் மாதங்களில் அப்படி எழுந்த ஒன்று மேற்பரப்பின் ஒரு பகுதியையே வெளியே தள்ளியது. ஹப்பிள் தொலைநோக்கி அதைப் பதிவுசெய்தது. வெளியேறிய வாயு, தொலைவில் குளிர்ந்து தூசியானது. அந்தத் தூசி நம் பார்வைக்கு நேராக நின்று தென்பாதியை மறைத்தது. தூசி கலைந்ததும் ஏப்ரலுக்குள் பழைய ஒளி திரும்பிவிட்டது.

ஒருநாள் வெடிக்கும், உண்மைதான். அதற்கு ஒரு லட்சம் ஆண்டுகூட ஆகலாம். 500 ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருப்பதால் நமக்கு ஆபத்தில்லை. மார்கழி இரவில் பேத்தியைக் கிழக்கே பார்க்கச் சொல்லுங்கள், சிவப்பாகத் தெரியும். வசதியிருந்தால் ஜவ்வாது மலைக் காவலூர் வான்நோக்ககத்துக்கும் ஒருமுறை கூட்டிப்போங்கள்.