வின்டோஸை மாற்றலாம், கம்பனி ரிக்கவரியைத் தொலைக்க வேண்டாம்: கேள்வி பதில்

வின்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியதில் இருந்து நம்ம குழுவில் ஒரே கேள்விதான் பல உருவத்தில் வருகிறது. 11-க்கு மாறினால் லெப்டொப்போடு வந்த ரிக்கவரி, அதாவது அதை வாங்கிய அன்றைய நிலைக்கே திரும்பக் கொண்டுவருகிற வசதி, போய்விடுமா? வாகரை தொடக்கம் பொத்துவில் வரை இருந்து கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

செங்கலடி, ஆசிரியை: அண்ணா, என்னுடையது எச்.பி. லெப்டொப், வின்டோஸ் 10. அப்டேட் பக்கத்தில் 11 தயார் என்று காட்டுகிறது. போட்டால் எஃப் 11 அழுத்தினால் வருகிற ரிக்கவரி அழிந்துவிடுமா? தவணைப் பரீட்சைத் தாள்கள் எல்லாம் பாமினியில் அடித்து வைத்திருக்கிறேன்.

அழியாது, டீச்சர். அப்டேட் பக்கத்தில் இருந்தே ஏற்றினால் அது சி டிரைவுக்குள்தான் வேலை செய்யும். கம்பனி வைத்த ரிக்கவரி அதே ஹார்ட் டிஸ்க்கில் தனிப் பார்ட்டிஷனாக, அதாவது பிரித்து ஒதுக்கிய தனிப் பகுதியாக இருக்கிறது, அதை அது தொடாது. சில வேளை சி-யின் கடைசியில் சில நூறு எம்.பி. வெட்டி, வின்டோஸ் தனக்கென்று இன்னொரு சின்ன ரிக்கவரி பார்ட்டிஷன் போட்டுக்கொள்ளும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் ஃபைல்களும் பாமினி எழுத்துருவும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒன்றை மட்டும் வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். 11-க்கு மாறிய பிறகு ஒரு நாள் எஃப் 11 அழுத்தி அந்த ரிக்கவரியை ஓடவிட்டால் 11 திரும்பி வராது. வாங்கிய அன்று இருந்த பழைய 10 தான் வரும், சி-யில் உள்ளது எல்லாம் துடைபடும். பரீட்சைத் தாளும் போகும், பாமினியும் போகும். 11-ஐ வைத்துக்கொண்டே சுத்தம் செய்ய வேண்டுமென்றால் செட்டிங்ஸில் ரிக்கவரிக்குள் இருக்கிற 'ரீசெட் திஸ் பிசி' தான் வழி. அது இப்போது ஓடுகிற வின்டோஸையே திரும்பப் போடும். அதில் 'கிளவுட் டவுன்லோட்' என்றும் ஒரு தெரிவு வரும், 4 ஜி.பி.க்கு மேல் டேட்டா இழுக்கலாம். போன் டேட்டாவில் வேலை பார்க்கிறவர்கள் 'லோக்கல்' என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

கல்முனை, உயர்தர மாணவர்: அண்ணன், கடையில் கேட்டேன். "அப்கிரேட் எல்லாம் சரிவராது, ஃபோர்மட் பண்ணித்தான் போட வேணும்" என்கிறார்கள். உண்மையா?

தம்பி, கடைக்காரருக்கு ஃபோர்மட் பண்ணுவது சுலபம், அவ்வளவுதான். பென் டிரைவைச் செருகி, இருக்கிற பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்து, ஒரே அடியில் புதிதாகப் போட்டுவிடலாம். நம்ம பக்கம் ரிக்கவரி தொலைந்த லெப்டொப்களில் நான் பார்த்த பெரும்பாலானவை அப்படித் தொலைந்தவைதான்.

அப்கிரேட் என்பது வின்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து தொடங்குவது. அப்டேட் பக்கத்தில் 11 வராவிட்டால் மைக்ரோசொஃப்டின் தளத்தில் ஐ.எஸ்.ஓ. ஃபைலை (வின்டோஸ் செட்அப் முழுவதும் ஒரே ஃபைலாக அடங்கியது) இறக்கு. 5 ஜி.பி.க்கு மேல் வரும், நள்ளிரவுக்குப் பிறகு இரவு டேட்டாவில் விடு. அதை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே உள்ள செட்அப்பை ஓட்டு. இன்ஸ்டோல் அழுத்த முதல், எதை வைத்திருப்பது என்று கேட்கும் இடத்தில் 'கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அன்ட் அப்ஸ்' தெரிவாகியிருக்கிறதா என்று பார். அது மங்கலாக, தெரிவு செய்ய முடியாமல் இருந்தால் அங்கேயே நிறுத்து. இறக்கிய மொழி வேறாக இருக்கலாம், அல்லது பதிப்புப் பொருந்தாமல் இருக்கலாம். அதே செட்அப்பைப் பென் டிரைவில் இருந்து பூட் பண்ணினால், அதாவது லெப்டொப்பையே பென் டிரைவில் இருந்து தொடங்கினால், இந்தத் தெரிவே கிடைக்காது. புதிய செட்அப்பில் ஃபைல், அப், செட்டிங்ஸ் எல்லாம் அழியும் என்பதற்குச் சம்மதம் கேட்டு ஒரு பெட்டி வரும், பலர் அதை வாசிக்காமலே டிக் போடுகிறார்கள்.

வைரஸ் புகுந்துவிட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்கிற நிலை வந்தால்கூட ரிக்கவரியைக் காப்பாற்றலாம். பார்ட்டிஷன் பட்டியல் வருகிற திரையில் 100 அல்லது 260 எம்.பி.யில் 'சிஸ்டம்', 16 எம்.பி.யில் ஒன்று, பிறகு பெரிதாக ஒன்று, கடைசியில் 'ரிக்கவரி' அல்லது 'ஓ.ஈ.எம்.' என்று ஒன்றிரண்டு தெரியும். அந்தப் பெரியதை மட்டும் ஃபோர்மட் பண்ணி அதற்குள் போடு. 'டிலீட்' என்ற பொத்தான் பக்கமே போகாதே. அப்படிச் செய்தாலும் எஃப் 11 வேலை செய்யாமல் போகக்கூடும். அறை இருக்கும், கதவுதான் அடைபட்டிருக்கும். ஆகையால் முதலில் கொப்பி எடு. அதைக் கீழே அக்கரைப்பற்றுக்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

காத்தான்குடி, கடை வைத்திருப்பவர்: என் லெப்டொப்பில் ரிக்கவரி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எந்தக் கீயை அழுத்துவது?

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'டிஸ்க் மனேஜ்மென்ட்' திறவுங்கள். கீழே பட்டையாகத் தெரிகிற படத்தில் சி தவிர 10 முதல் 25 ஜி.பி. வரை 'ரிக்கவரி' அல்லது 'ஓ.ஈ.எம்.' என்று காட்டுகிற ஒரு துண்டு இருந்தால் அதுதான் கம்பனி ரிக்கவரி. 500 எம்.பி., 1 ஜி.பி. என்று இருப்பவை வின்டோஸின் பழுதுபார்க்கும் கருவிகள் மட்டும். அவற்றில் இருந்து கடையில் வாங்கிய நிலைக்குப் போக முடியாது. புதிய லெப்டொப் சிலவற்றில் பெரிய துண்டே இல்லை, கம்பனி இணையத்தில் இருந்து இறக்கச் சொல்கிறது.

லெப்டொப்பை ஓன் பண்ணும்போது அழுத்த வேண்டிய கீ எச்.பி.க்கு எஃப் 11. டெல்லுக்கு எஃப் 12 அழுத்தி வருகிற பட்டியலில் 'சப்போர்ட் அசிஸ்ட்'. ஏசருக்கு ஆல்ட் (Alt) கீயுடன் எஃப் 10, பயோஸில் (வின்டோஸுக்கு முதல் ஓடுகிற லெப்டொப்பின் அடிப்படை அமைப்பில்) 'டி2டி ரிக்கவரி' ஓன் ஆக இருந்தால் மட்டும். பழைய அசூஸுக்கு எஃப் 9. லெனோவோவில் பக்கவாட்டில் குண்டூசியால் அழுத்துகிற ஒரு சின்ன ஓட்டை இருக்கும், நோவோ பட்டன் என்பார்கள். பழைய தோஷிபாவுக்கு பூச்சியம்.

அக்கரைப்பற்று, அலுவலக எழுதுவினைஞர்: கொப்பி எடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். எதில், எப்படி?

வின்டோஸ் தேடல் பெட்டியில் 'ரிக்கவரி டிரைவ்' என்று அடித்தால் ஒரு கருவி வரும். 16 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட வெற்றுப் பென் டிரைவைச் செருகி, சிஸ்டம் ஃபைல்களையும் எடு என்கிற பெட்டியில் டிக் போட்டு ஓடவிடுங்கள். பென் டிரைவில் இருந்த கல்யாணப் படங்கள் எல்லாம் அழியும், முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கருவி இப்போது ஓடுகிற வின்டோஸைத்தான் கொப்பி எடுக்கும். கம்பனி கொடுத்த நிலை வேண்டுமென்றால் கம்பனியின் கருவியே வேண்டும். பழைய எச்.பி.யில் 'ரிக்கவரி மனேஜர்' உள்ளேயே இருக்கும், அது ஒரு தொகுதிதான் எடுக்கவிடும், ஆகவே மலிவுப் பென் டிரைவை நம்பாதீர்கள். புதிய எச்.பி.க்கு 'கிளவுட் ரிக்கவரி', டெல்லுக்கு 'ஓ.எஸ். ரிக்கவரி டூல்', லெனோவோவுக்கு டிஜிட்டல் ரிக்கவரி சேவை. இவை லெப்டொப்பின் அடியில் உள்ள இலக்கத்தைக் கேட்டு, அந்த மாடலுக்கு உரியதை இறக்கித் தரும். 32 ஜி.பி. பென் டிரைவ் வாங்கிவிடுங்கள்.

எடுத்த பிறகு அதில் இருந்து ஒருமுறை பூட் பண்ணிப் பாருங்கள். முதல் திரை வந்தால் போதும், மேலே போகாமல் ஓஃப் பண்ணிவிடலாம். இதைச் செய்யாமல் லாச்சிக்குள் போட்டு வைப்பவர்கள்தான் அதிகம்.

ஆரையம்பதி, ஓய்வுபெற்ற தபாலதிபர்: தம்பி, என் லெப்டொப் 11-க்குத் தகுதியில்லை என்று சொல்கிறது. மகன் கட்டாரில் இருந்து வாங்கி வந்தது, நன்றாகத்தான் ஓடுகிறது. ஐ5-6200 என்று ஒட்டியிருக்கிறது.

ஐயா, அது புரொசசரின் இலக்கம். அதன் முதல் 6 என்றால் ஆறாம் தலைமுறை. இன்டெல்லில் 11-க்கு எட்டாம் தலைமுறையில் இருந்துதான் பொதுவாக ஒத்துக்கொள்கிறார்கள். அதோடு டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் என்கிற தொடக்கப் பாதுகாப்பு, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம் வேண்டும். டி.பி.எம். இல்லை என்று மட்டும் சொன்னால் பயோஸில் ஓஃப் ஆக இருக்கலாம், ஓன் பண்ணலாம். புரொசசரை அப்படி மாற்ற முடியாது. தடையைச் சுற்றிப் போகிற குறுக்கு வழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தரவில்லை. வங்கிக் கணக்கைப் பார்க்கிற லெப்டொப்பில் நான் அதைப் போட்டுத்தர மாட்டேன்.

10-க்கு மேலதிகப் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் 13 வரை இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதோடு ஒத்திசைக்க விட்டால் காசு இல்லாமலே சேரலாம், இல்லாவிட்டால் 30 டொலர். மறுகா வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தை யோசிக்கலாம். பத்திரிகை வாசிக்கவும் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசவும் அது தாராளமாகக் காணும்.

களுவாஞ்சிகுடி: ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடப்போகிறேன். ரிக்கவரியும் சேர்ந்து வருமா?

முழு டிஸ்க்கையும் குளோன் பண்ணினால், அதாவது அப்படியே நகல் எடுத்தால் வரும். சி-யை மட்டும் கொப்பி பண்ணினால் வராது. அதற்குக் குளோன்சில்லா என்கிற மென்பொருள் இலவசம், ஆனால் புதியது பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்குக்கு 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாங்கி வந்து நிற்பார்கள், குளோன் ஏறாது. 500 அல்லது 512 கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால் இன்னும் சுலபமான வழி உண்டு. புதிய எஸ்.எஸ்.டி.யில் 11-ஐச் சுத்தமாகப் போடுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணாமல், மாடலும் திகதியும் எழுதி ஒட்டி, ஈரம் படாமல் அலுமாரியில் வையுங்கள். பழைய வின்டோஸ், ரிக்கவரி, உங்கள் ஃபைல் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். "பழைய டிஸ்க்கைத் தாங்க, விலையில் கழிக்கிறம்" என்று கடையில் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சம்மாந்துறை: பழைய எச்.பி., வின்டோஸ் 7 உடன் வந்தது. டி டிரைவ் ஒன்று உருவாக்கப் பார்த்தால் 'டைனமிக்' ஆக மாற்றவா என்று கேட்கிறது.

'நோ' அழுத்துங்கள். அந்தக் காலத்து எம்.பி.ஆர். என்கிற பழைய பிரிப்பு முறை டிஸ்க்கில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்தான் போடலாம். எச்.பி. அந்த நான்கையும் தானே எடுத்துக்கொண்டது: சிஸ்டம், சி, ரிக்கவரி, எச்.பி. டூல்ஸ். ஐந்தாவது கேட்டதால்தான் அந்தக் கேள்வி வருகிறது. 'யெஸ்' கொடுத்தால் ரிக்கவரியும் வேலை செய்யாது, புதிய வின்டோஸும் அதில் ஏற மறுக்கும். எம்.பி.ஆரை ஜி.பி.டி. என்கிற புதிய முறைக்கு மாற்றுகிற மைக்ரோசொஃப்டின் கருவியும் நான்கு இருந்தால் முடியாது என்றுதான் சொல்லும். டி வேண்டாம், சி-க்குள் ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

வாழைச்சேனை: பயோஸ் அப்டேட் பண்ணினேன், இப்போது நீலத் திரையில் 48 இலக்கம் கேட்கிறது.

அது டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வின்டோஸின் பிட்லொக்கர், தங்கச்சி. லெப்டொப்பில் முதலில் நுழைந்த மைக்ரோசொஃப்ட் கணக்கைப் போனில் திறந்து, சாதனங்கள் பக்கத்தில் 'ரிக்கவரி கீ' பாருங்கள். திரையில் தெரிகிற கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தும் அங்கே உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைக்காரர் தன் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து தந்திருந்தால் அவரைத்தான் பிடிக்க வேண்டும். கீ எங்குமே இல்லாவிட்டால் ஃபைல்களை யாராலும் மீட்க முடியாது, காசு வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். அப்கிரேடோ பயோஸோ தொட முதல் பிட்லொக்கரை 'சஸ்பென்ட்' பண்ணிவிட்டுத் தொட்டால் இந்தத் தலையிடி இல்லை.

திருக்கோவில்: அப்கிரேட் ஓடும்போது இடையில் கரண்ட் போனால்?

பட்டரி நன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. பட்டரி செத்த லெப்டொப் என்றால் மாரி மழைக்குள் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் பெரும்பாலும் பழைய வின்டோஸுக்குத் தானே திரும்பும்.

பொத்துவில்: 11 பிடிக்காவிட்டால் எஃப் 11 தான் வழியா?

இல்லை. அப்கிரேட் பண்ணி 10 நாட்களுக்குள் என்றால் செட்டிங்ஸில் 'கோ பேக்' இருக்கும், ஃபைல்கள் போகாது. அந்த நாட்களுக்குள் இடம் காணாது என்று 'வின்டோஸ் டொட் ஓல்ட்' ஃபோல்டரை அழித்துவிடாதீர்கள், திரும்புகிற வழி அதுதான்.

ஏறாவூர்: புதிய லெப்டொப், ஆனால் 'டொஸ்' என்று சொல்லி விலை குறைத்துத் தந்தார்கள். இதில் ரிக்கவரி எங்கே?

வின்டோஸ் லைசன்ஸ் இல்லாமல் விற்றது. அதனால் வின்டோஸ் ரிக்கவரியும் இல்லை. தேடி நேரத்தை வீணாக்காமல், லெப்டொப்பின் பாகங்களை இயக்குகிற டிரைவர் மென்பொருட்களைக் கம்பனித் தளத்தில் இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். வை-ஃபை டிரைவரைக் கட்டாயம் வையுங்கள், அது இல்லாமல் மற்றதை இறக்கவே முடியாது.

ஓட்டமாவடி: நான் ஏற்கெனவே கடையில் கொடுத்து, எல்லாப் பார்ட்டிஷனும் போய்விட்டது. வின்டோஸும் கள்ள லைசன்ஸ் கீ போலத் தெரிகிறது. இனி ஏதும் செய்யலாமா?

செய்யலாம். வின்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தியதோடு வந்த லெப்டொப் என்றால் அதன் லைசன்ஸ் கீ மதர்போர்டில் பதிந்திருக்கும், எந்த ஃபோர்மட்டாலும் அழியாது. கடையில் 'ப்ரோ' போட்டிருப்பார்கள், உங்களுடையது அநேகமாக 'ஹோம்' அல்லது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' ஆக இருக்கும். ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டு, அடியில் உள்ள இலக்கத்தைக் கொடுத்துக் கம்பனியின் கருவியால் ரிக்கவரிப் பென் டிரைவ் கிடைக்கிறதா என்று பாருங்கள். பழைய மாடல்களுக்குக் கொடுக்காமல் விடுவதும் உண்டு. கிடைக்காவிட்டால் மைக்ரோசொஃப்டின் சாதாரண ஐ.எஸ்.ஓ. போதும். பென் டிரைவில் பூட் பண்ணியதும் கீயைத் தானே வாசித்து, எந்தப் பதிப்பு என்று கேட்காமலே ஹோம் ஏறும். 10 அல்லது 11 உடன் வந்த லெப்டொப் என்றால் இணையத்தில் இணைத்ததும் 'அக்டிவேட்டட்' என்று வரும். 8 உடன் வந்ததற்கு அது உறுதியில்லை. கள்ளக் கீயோடு வந்த அக்டிவேட்டர் சொஃப்ட்வெயாரும் அதோடு போய்விடும். வங்கிக் கடவுச்சொற்களை அதற்குப் பிறகு மாற்றிவிடுங்கள்.