டாமி மாக்கினென் ஈவோவ விக்கறேன், கேக்கறதெல்லாம் கேளுங்க

இங்கிலாந்துல மெக்கானிக்கா வேல பாக்கறேன், மிட்சுபிஷியோட லேன்சர் ஈவோ, அதாவது ரேலி பந்தயத்துக்காகவே உருவான லேன்சர், அது தான் என் கைக்கு அதிகம் வர்ற வண்டி. என்னோட சொந்த வண்டி ஈவோ 6, டாமி மாக்கினென் எடிஷன், 2000 மாடல், செவப்பு கலர். அத விக்கப்போறேன்னு சொன்னதுல இருந்து நெறைய பேர் கேள்வி அனுப்பிட்டே இருக்கீங்க, அதனால எல்லாத்துக்கும் சேத்து இங்கயே பதில் போடறேன்.

கேள்வி: அண்ணா, இவ்ளோ ஆசையா வச்சிருந்த வண்டிய ஏன் விக்கறீங்க? பணக் கஷ்டமா?

பணம் இல்ல தம்பி. இடது முழங்கால்ல ஆபரேஷன் ஆயிடுச்சு, இதோட கிளட்ச் கனமா இருக்கும், டிராஃபிக்ல பத்து நிமிஷம் மிதிச்சாலே வலி எடுத்துடுது. அப்போ வண்டி கராஜ்ல தான் நிக்குது. ஈவோ மாதிரி வண்டிய நிறுத்தி வைக்கறது அதக் கொல்றதுக்கு சமம், ஏன்னா பிரெம்போ பிரேக் காலிப்பர் பிஸ்டன் இறுகிப்போவும், ரப்பர் சீல் எல்லாம் காஞ்சுடும், பின்னாடி ஏ.ஒய்.சி சிஸ்டத்துல (வளைவுல ரெண்டு பின் வீலுக்கும் பவர பிரிச்சுக் குடுக்கறது) ஆயில் மாறாம அப்படியே கெடக்கும், இதெல்லாம் வாரவாரம் ரோட்ல ஓடினா வராத வியாதிங்க. என்னால ஓட்ட முடியலன்னா ஓட்டறவன் கைக்கு போகணும், அவ்ளோதான். மனசு ஒத்துக்கல, ஆனா முடிவு பண்ணிட்டேன்.

கேள்வி: சாதா ஈவோ 6-க்கும் இதுக்கும் என்ன தான் வித்தியாசம்? ஸ்டிக்கர் மட்டும் தானா?

ஸ்டிக்கர்னு நெனச்சுடாதீங்க. ஃபின்லாந்துக்காரர் டாமி மாக்கினென் 1996-ல இருந்து 1999 வரைக்கும் வரிசையா நாலு தடவ உலக ரேலி சாம்பியன் ஆனாரு, அதக் கொண்டாட மிட்சுபிஷி விட்ட வண்டி இது. முன் பம்பர் வேற, ஃபாக் லைட் கெடையாது. சாதா 6-ஐ விட 10 மில்லிமீட்டர் தாழ்வா நிக்கும், ஸ்டீயரிங் இன்னும் வேகமா திரும்பும், வெள்ள கலர்ல 17 இன்ச் என்கெய் வீல், செவப்பும் கருப்புமா ரெக்காரோ சீட்டு. முக்கியமானது டர்போ. உள்ள சுத்தற டர்பைன் டைட்டானியம் கலவை, எடை கம்மி, அதனால சாதா 6-ல 3,000 ஆர்.பி.எம்-ல வர்ற முழு டார்க் (இஞ்சினோட இழுவை) இதுல 2,750-லயே வந்துடும். கேக்கறதுக்கு சின்ன விஷயம் தான், ஆனா ஈரமான மலை ரோட்ல ரெண்டாவது கியர்ல வளைவ விட்டு வெளிய வரும்போது முதுகுல ஒரு தள்ளு சீக்கிரமே வரும் பாருங்க, சாதா 6-ல அந்த எடத்துல ஒரு நொடி காத்திருக்கணும்.

இன்னொன்னும் சொல்லணும். 1997-ல வேர்ல்ட் ரேலி கார் ரூல் வந்தப்புறம் மத்த கம்பெனிங்க ஷோரூம் வண்டிக்கு சம்பந்தமில்லாம ரேலி கார் செய்யலாம்னு ஆச்சு. மிட்சுபிஷி மட்டும் பழைய குரூப் ஏ ரூல்லயே நின்னு, ஜனங்களுக்கு விக்கற வண்டிய அடிப்படையா வச்சே 2001 வரைக்கும் ஜெயிச்சுட்டு இருந்தாங்க. அதனால தான் இதுல உக்காந்தா ரேலி வாசன அடிக்குது.

கேள்வி: எங்கப்பா லேன்சர் வச்சிருந்தார், திருவள்ளூர் ஃபேக்டரில செஞ்சது. அதுவும் இதுவும் ஒரே வண்டியா சார்?

ஒரே குடும்பம் தான் சார், சந்தோஷமா சொல்லிக்கலாம். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல இருந்து அங்க செஞ்ச லேன்சரும் ஈவோ 4, 5, 6-ம் ஒரே தலைமுறை பாடி. கூரை, கதவு எல்லாம் பாத்த உடனே அடையாளம் தெரியும். ஆனா ஈவோல பானெட் அலுமினியம், மட்கார்டு அகலம், நாலு வீலுக்கும் பவர் போவும், உள்ள 2 லிட்டர் டர்போ 4ஜி63 இஞ்சின், காகிதத்துல 280 குதிரை. ஜப்பான் கம்பெனிங்க அதுக்கு மேல எழுதறதில்லன்னு அப்போ தங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் வச்சிருந்தாங்க.

கேள்வி: என்ன வெல எதிர்பாக்கறீங்க?

நம்பர நேர்ல வர்றவங்ககிட்ட தான் சொல்லுவேன். 2021-ல மிட்சுபிஷியோட பிரிட்டன் கம்பெனி தன்கிட்ட இருந்த பழைய வண்டிங்கள ஏலம் விட்டப்போ ஒரு மாக்கினென் எடிஷன் 1,00,000 பவுண்டுக்கு மேல போச்சு, அத வச்சு எல்லா வண்டிக்கும் அதே வெல கேக்கறாங்க, அது தப்பு. அது 10,000 மைல் சொச்சம் மட்டும் ஓடின, கம்பெனியே வச்சிருந்த வண்டி. அமெரிக்காவுல 25 வருஷம் ஆன வண்டிய தாராளமா இறக்கலாம், அதனால 2000 மாடலுக்கு இப்போ அங்க இருந்தும் ஆள் வர்றாங்க, வெல ஏறினதுக்கு அதுவும் ஒரு காரணம். கன்டெய்னர்ல ஏத்தி குடோன்ல மூடி வைக்கறவருக்கு தர எனக்கு மனசில்ல, அதுக்காக வெல குறைஞ்சாலும் பரவால்ல.

கேள்வி: நான் வேற ஒரு ஈவோ 6 பாத்துட்டு இருக்கேன் ப்ரோ. என்னென்ன செக் பண்ணணும்?

மொதல்ல அடில படுங்க, மத்ததெல்லாம் அப்புறம். ஜப்பான்ல இருந்து வர்ற வண்டிக்கு அடில துருத் தடுப்பு பூச்சு பெருசா இருக்காது, இங்க குளிர்காலத்துல ரோட்ல உப்பு கொட்டுவாங்க, ரெண்டும் சேந்தா பின் சப்ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷன தாங்கற சட்டம்), பின் வீல் ஆர்ச், டிக்கி தரை எல்லாம் தின்னுடும். புதுசா கருப்பு பெயின்ட் அடிச்சிருந்தா சந்தேகப்படுங்க, ஸ்க்ரூடிரைவர் பிடியால மெதுவா தட்டிப் பாருங்க, நல்ல தகடு கணீர்னு பேசும், உளுத்தது மொத்துன்னு கேக்கும். போறதுக்கு முன்னாடியே போன் பண்ணி இஞ்சின ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிடுங்க, போன உடனே பானெட் மேல கை வைங்க, சூடா இருந்தா ஏன்னு கேளுங்க, குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது வர்ற புகையும் சத்தமும் தான் நெசம் பேசும். கம்ப்ரெஷன் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க, சிலிண்டருக்குள்ள அழுத்தம் சரியா நிக்குதான்னு அதுல தெரியும். டைமிங் பெல்ட் 45,000 மைலுக்கு ஒரு தடவ, ஆயில் 4,500 மைலுக்கு ஒரு தடவ, ரெண்டுக்கும் பில் இருக்கணும், வாய் வார்த்தை செல்லாது. ஜி.எஸ்.ஆர் மாடல்னா (வசதி நெறைய இருக்கற மாடல்) ஏ.ஒய்.சி லைட் எரியுதா, பின் டிஃபரென்ஷியல்ல இருந்து சத்தம் வருதான்னு கவனிங்க, அது போனா செலவு கண்ணக் கட்டும். 2005-ல இருந்து எம்.ஓ.டி (இங்க வருஷாவருஷம் நடக்கற வண்டி தகுதிச் சோதனை) ரெக்கார்ட் ஆன்லைன்லயே கெடைக்கும், மைல் கணக்கு ஏறிட்டே வருதான்னு பாருங்க. ஜப்பான் மீட்டர் கிலோமீட்டர்ல ஓடும், மைலுக்கு மாத்தும்போது தான் பித்தலாட்டம் நடக்கும், அந்த தேதிக்கு ஒரு பேப்பர் இருக்கான்னு கேளுங்க.

கேள்வி: உங்க வண்டில மாடிஃபிகேஷன் இருக்கா? விக்கறதுக்கு முன்னாடி ஸ்டாக் (கம்பெனி விட்ட மாதிரியே) ஆக்கணுமா?

எக்ஸாஸ்ட் மட்டும் மாத்தியிருந்தேன், ஒரிஜினல எண்ணெய்த் துணி சுத்தி வச்சிருந்தேன், இப்போ அதையே திரும்ப மாட்டிட்டேன். பூஸ்ட்ட (டர்போ தள்ளற காத்து அழுத்தம்) ஏத்தவே இல்ல, அந்த டைட்டானியம் டர்பைன் அதிக பூஸ்ட் தாங்காது, ஒடஞ்சா அதே மாதிரி ஒண்ணு தேடறது பெரும்பாடு. பொதுவா சொன்னா கழட்டின பார்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க, ரெண்டாவது சாவி, டூல் கிட், ஜப்பானிய சர்வீஸ் புக் வரைக்கும்.

கேள்வி: தெரியாதவன் கைல டெஸ்ட் டிரைவ் எப்படி தருவீங்க?

நான் ஓட்ட, அவங்க பக்கத்துல உக்காரணும். அவங்க ஓட்டணும்னா இந்த வண்டிக்கு செல்லுபடியாகற இன்ஷூரன்ஸ் காட்டணும், மொத்தப் பணமும் என் பேங்க்ல வந்து சேந்திருக்கணும். விளம்பரத்துல வீட்டு அட்ரஸ், நம்பர் பிளேட் ரெண்டும் கூடாது, இந்த வண்டிங்கள திருடறதுக்குன்னே அலையறாங்க.

கேள்வி: சென்னைக்கு கொண்டு வர வழி இருக்கா?

இல்ல ப்ரோ. இந்தியாவுல பழைய கார் இறக்கணும்னா மூணு வருஷத்துக்குள்ள செஞ்சதா இருக்கணும், இது அதெல்லாம் என்னிக்கோ தாண்டிடுச்சு. ஏஜென்ட் யாராவது முடியும்னு சொன்னா அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.

கேள்வி: எங்கிட்ட ஈவோ 5 இருக்கு, நானும் விக்கலாமான்னு யோசிக்கறேன். வெல இன்னும் ஏறுமா?

வெலய வச்சு யோசிக்காதீங்க. கடைசியா அத எப்போ ஓட்டினீங்கன்னு யோசிங்க. போன மாசம்னா வச்சுக்கோங்க, விக்கவே விக்காதீங்க. போன வருஷம்னா இந்த ஞாயித்துக்கெழமை பேட்டரிய சார்ஜ் போட்டு, டயர் காத்து பாத்து, நல்லா சூடாகற வரைக்கும் ஒரு ரவுண்ட் போய்ட்டு வாங்க, அதுக்கப்புறம் எனக்கு எழுதுங்க.