பெங்களூர் லைசென்ஸ், மதுரை முகவரி: முதலில் எதை மாற்றுவது?

கேள்வி: 2006-ல் பெங்களூரில் லைசென்ஸ் எடுத்தேன். இப்போது வயது 44. கணவருக்கு வேலை மாறியதால் இரண்டு வருடமாக மதுரை திருநகரில் ஒத்தி வீட்டில் இருக்கிறோம். லைசென்ஸ் இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. எங்கள் இருவர் ஆதாரிலும் பெங்களூர் முகவரிதான். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வருகிறது. ஒத்திப் பத்திரம் வெறும் முத்திரைத்தாளில் எழுதியது, பதிவு செய்யவில்லை. “பெங்களூர் போய் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிட்டு வாங்க, இல்லாட்டி இங்கேயே புதுசா எடுத்துருங்க” என்கிறார் ஒரு புரோக்கர். நான் மதுரையில்தான் குடியிருக்கிறேன் என்பதை எப்படி நிரூபிப்பது?

பதில்: புதிதாக எடுக்கும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. பழையதை மறைத்து விண்ணப்பித்தால் பொய் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டதாகிவிடும். 20 வருடமாக வண்டி ஓட்டியவர் எல்எல்ஆர், எட்டுப் போடுவது என்று மறுபடி தொடங்க வேண்டிய அவசியம் என்ன?

பதற்றமும் வேண்டாம். எந்த மாநிலத்தில் வாங்கிய லைசென்ஸும் இந்தியா முழுக்கச் செல்லும். அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. வண்டிச் சோதனையில் கர்நாடக லைசென்ஸைக் காட்டினால் ‘இது இங்கே செல்லாது’ என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் பயப்பட வேண்டியது காலாவதித் தேதிக்கு மட்டும்தான். முன்பெல்லாம் தேதி முடிந்த பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். மறுநாள் வண்டியை எடுத்தாலே லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு. அபராதம் 5,000 ரூபாய். விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அதுவே சாக்காகிவிடும். புதுப்பிக்க, முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகு ஒரு வருடத்தைத் தாண்டவிட்டால் திரும்பவும் டெஸ்ட் கொடுக்க வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் இருக்கிறது, தாராளமாகப் போதும்.

என்ஓசி விஷயத்துக்கு வருவோம். ‘எந்த உரிமம் வழங்கும் அலுவலரும் விண்ணப்பத்தின் பேரில் புதுப்பிக்கலாம்’ என்றுதான் 15-ஆவது பிரிவு ஆரம்பிக்கிறது. புதுப்பித்த தகவலை முதலில் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்குத் தெரிவிப்பது மதுரை அலுவலகத்தின் பொறுப்பு, உங்கள் பொறுப்பு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: உங்கள் பழைய பதிவு, லைசென்ஸ் சேவைகளுக்கான மத்திய அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் இருக்க வேண்டும். இதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். 2006 லைசென்ஸ் என்பதால் அட்டையில் எண் பழைய முறையில், 1234/2006 என்பது போல இருக்கலாம். அதை அப்படியே அடித்தால் ‘பதிவு இல்லை’ என்று வரும். நிறையப் பேர் இங்கேதான் மனம் விட்டுப் புரோக்கரிடம் போகிறார்கள். அடிக்க வேண்டிய முறை இதுதான்: முதலில் மாநில எழுத்தும் ஆர்டிஓ எண்ணும், அடுத்து நான்கு இலக்க வருடம், பிறகு ஏழு இலக்கத்தில் உங்கள் எண். குறைகிற இடத்தில் முன்னால் பூஜ்ஜியம் போட வேண்டும். ஜெயநகர் ஆபீஸில் எடுத்ததாக வைத்துக்கொண்டால், ஆங்கில எழுத்தில் கேஏ, அடுத்து 05, அடுத்து 2006, அடுத்து 0001234. மொத்தம் 15 எழுத்து. இப்படி அடித்தும் வராவிட்டால்தான் பழைய அலுவலகத்தில் ‘பேக்லாக் என்ட்ரி’, அதாவது பழைய பதிவைத் தளத்தில் ஏற்றுவது, போட்டுத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அதை அவர்களால் மட்டுமே செய்ய முடியும். உங்களுக்குப் பெங்களூர் வேலை என்று ஒன்று வந்தால் அது இதற்காகத்தான். பதிவு இருந்தால் ‘டிஎல் எக்ஸ்ட்ராக்ட்’ (லைசென்ஸ் விவரங்களின் நகல்) எடுத்து ஒரு பிரிண்ட் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் யாராவது சந்தேகம் கேட்டால் பேச்சைக் குறைக்கும்.

இனி முகவரி. லைசென்ஸுக்கு என்று தனியாக ஆதாரம் தேடி அலையாதீர்கள். முதலில் ஆதாரை மாற்றுங்கள், லைசென்ஸைக் கடைசியில் வையுங்கள். ஆதார் அங்கீகாரத்தோடு விண்ணப்பித்தால் முகவரி அங்கிருந்தே வந்துவிடும், வேறு காகிதம் கேட்கும் இடமே குறைவு.

ஆனால் ஆதாரை மாற்ற எதைக் காட்டுவது? உங்கள் சிக்கலே அதுதான், மதுரையில் ஒத்திக்கு இருக்கிற பலருக்கும் இதே சிக்கல். வீட்டுக்காரர் கரண்ட் பில்லைக் கொடுத்தாலும் அதில் உங்கள் பெயர் இல்லை. எனவே வீட்டுக்காரர் தயவு தேவைப்படாத காகிதத்தைத் தேடுங்கள். சமையல் காஸ் இணைப்பைத் திருநகர் முகவரிக்கு மாற்றியிருக்கிறீர்களா? உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ உள்ள காஸ் பில், மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் போதும். பிராட்பேண்ட், போஸ்ட்பெய்ட் பில்லுக்கும் இதே கணக்கு. எதுவுமே இல்லையென்றால், ஆதார் ஆணையத்தின் சான்றுப் படிவத்தில் உங்கள் வார்டு கவுன்சிலரிடமோ எம்எல்ஏவிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கலாம். புகைப்படத்தை ஒட்டி, அவர் கையெழுத்தும் முத்திரையும் படத்தின் மேலும் விழும்படி வாங்குங்கள். மூன்று மாதம்தான் செல்லும், வாங்கியதும் கொடுத்துவிடுங்கள்.

இருவரும் தனித்தனியாக ஆதாரம் தேட வேண்டியதில்லை. யார் பெயரில் காகிதம் இருக்கிறதோ அவர் முதலில் மாற்றட்டும். கணவருக்கு மாறிவிட்டால், ‘குடும்பத் தலைவர்’ வழியில் நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். 2023 ஜனவரியில் வந்த வசதி இது. திருமணச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் என உறவைக் காட்டும் ஏதாவது ஒன்று போதும். அதுவும் இல்லாவிட்டால் அவருடைய சுய உறுதிமொழி. நீங்கள் விண்ணப்பித்த பிறகு அவர் தன் ஆதார் கணக்கில் நுழைந்து 30 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். மறந்துவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும், கட்டிய பணமும் வராது. பக்கத்தில் உட்காரவைத்தே முடித்துவிடுங்கள்.

ஆதார் இழுத்தடித்தாலும் வழி இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 4-ஆவது விதி வாக்காளர் பட்டியல், எல்ஐசி பாலிசி, பாஸ்போர்ட் ஆகியவற்றையும் முகவரிக்கு ஏற்கிறது. வாக்காளர் பட்டியலில் ஊர் மாற்றப் படிவம் 8 கொடுத்தால் போதும். இவை எதையும் காட்ட முடியாத நிலையில், தக்க காரணம் சொல்லி நோட்டரி முன் சத்தியம் செய்த உறுதிமொழிப் பத்திரத்தையும் அலுவலர் ஏற்கலாம் என்று அதே விதியில் இருக்கிறது. ஏற்பது அவர் விருப்பம். ஆகவே இதைக் கடைசிக்கு வையுங்கள்.

ஒத்திப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. லைசென்ஸைவிட அது பெரிய விஷயம். ஒத்தியும் ஒருவகை அடமானம்தான். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள தொகைக்கு வீட்டை அடமானமாக எழுதினால், பதிவு செய்த பத்திரமாக இருக்க வேண்டும் என்கிறது 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 59-ஆவது பிரிவு. நீங்கள் கொடுத்திருப்பது லட்சங்களில் இருக்கும். வீடு கைமாறினாலோ வீட்டுக்காரர் கடனில் சிக்கினாலோ அந்த முத்திரைத்தாள் உங்களை எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்று ஒரு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதித்தால் முகவரிக்கும் வலுவான ஆவணம் கிடைத்துவிடும்.

ஆதார் மாறியதும் சாரதியில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, புதுப்பித்தல், முகவரி மாற்றம் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போடுங்கள். விதிப்படி ஒவ்வொன்றுக்கும் 200 ரூபாய். அட்டைக்கும் சேவைக்கும் தனியாகக் கொஞ்சம் வரும். 40 வயது தாண்டியதால் படிவம் 1ஏ, அதாவது மருத்துவச் சான்று, கட்டாயம். மருத்துவரின் பதிவு எண் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். மதுரையில் தெற்கு டிஎன் 58, வடக்கு டிஎன் 59, மத்தி டிஎன் 64 என மூன்று ஆர்டிஓ அலுவலகங்கள் இருக்கின்றன. உங்கள் பின்கோடு 625006-ஐக் கொடுத்து, தளம் காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள்.

பெயரையும் கவனியுங்கள். கர்நாடகத்தில் நம் இனிஷியலை விரித்து அப்பா பெயரைச் சேர்த்து எழுதியிருப்பார்கள், ஆதாரில் ஓர் எழுத்துதான் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் ஆதார் அங்கீகாரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அப்போது ஆதார் இல்லாத வழியில் விண்ணப்பித்து, அசல்களோடு நேரில் போய், பெயர் திருத்தத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் லைசென்ஸ் அட்டையை நேரில் தருவதில்லை, தபாலில்தான் வரும். முகவரி சரியில்லாமலோ வீடு பூட்டியிருந்தோ திரும்பினால் ஆர்டிஓ அலுவலகத்துக்கே போய்விடும். ஆதாரை மாற்றும்போதே எத்தனையாவது ஸ்டாப், தெருப் பெயர், பழைய எண், புதிய எண் எல்லாம் தபால்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். திருநகரில் ஸ்டாப் எண் விட்டுப்போனால் தெருவைத் தேடுவதே பாடு.

நீங்கள் கேட்காத ஒன்று: வண்டியும் கர்நாடகப் பதிவா? லைசென்ஸ்போல அதை விட்டுவைக்க முடியாது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 47-ஆவது பிரிவு. உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. என்ஓசி கட்டாயமாகத் தேவைப்படுவது இதற்குத்தான். படிவம் 28-ல் பழைய ஆர்டிஓவிடம் கேளுங்கள். புரோக்கர் இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கலாம்.