மகளிர் கிளப் கால்பந்து இறுதிப் போட்டிகளில் உங்களால் மறக்க முடியாதது எது? ஏன்?

2025 மே 24, லிஸ்பன். ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. இங்கிலாந்தின் ஆர்சனல் 1, ஸ்பெயினின் பார்சிலோனா 0. எப்போது கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

கோல் மழை பொழிந்த இறுதிப் போட்டிகள் இருக்கின்றன. 2014-ல் வோல்ஃப்ஸ்பர்க் ஸ்வீடனின் டிரெசோ அணியை 4-3 என்று வென்றது. 2019-ல் புடாபெஸ்டில் லியோன் அணிக்காக அடா ஹெகர்பெர்க் முதல் அரை மணி நேரத்திலேயே மூன்று கோல் போட்டு ஆட்டத்தை முடித்து வைத்தார். 2021-ல் பார்சிலோனா, செல்சிக்கு எதிராக 36 நிமிடத்துக்குள் நான்கு கோல் முன்னிலை. 2023-ல் அதே பார்சிலோனா 2-0 என்று பின்தங்கியிருந்து 3-2 என்று மீண்டது. எல்லாமே நல்ல ஆட்டங்கள்தான். ஆனால் நான் ஆடிய காலம் முழுக்க ஸ்டாப்பர் பேக், அதாவது நம் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஆள். இப்போது சேலத்திலும் ஏற்காட்டிலும் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு பேக் கண்ணால் பார்த்தால் லிஸ்பன் ஆட்டத்துக்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது.

நம் மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வரும் பிள்ளைக்குப் பந்து அடிக்கத் தெரியவில்லையா, "நீ பேக்ல நில்லு" என்று பின்னால் அனுப்பிவிடுவார்கள். வேகமாக ஓடுகிற பிள்ளை ஃபார்வேர்ட். வீட்டில் போய் "நான் பேக்" என்று சொன்னால், "ஏன், உன்னை முன்னாடி விடலையா?" என்று அம்மாவே கேட்பார். இது ஒரு பெரிய அநியாயம் என்று மனதார நம்புகிறேன். பின்னால் நிற்பவளுக்குத்தான் மொத்த ஆட்டமும் கண்ணெதிரே விரிந்து கிடக்கிறது. எப்போது முன்னால் ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று பேக் வரிசையில் நிற்கும் நால்வருக்கும் சேர்த்து முடிவெடுப்பவள் அவள். அது பயந்து நிற்கிற இடம் இல்லை.

அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். பார்சிலோனாவுக்கு அது தொடர்ந்து ஐந்தாவது இறுதிப் போட்டி. முந்தைய இரண்டு வருடமும் கோப்பை அவர்களுடையது. அந்த சீசனில் காலிறுதியில் வோல்ஃப்ஸ்பர்க்கை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 10-2, அரையிறுதியில் செல்சியை 8-2 என்று நொறுக்கிவிட்டு வந்திருந்தார்கள். ஐதானா பொன்மதி, அலெக்சியா புதேயாஸ், பாத்ரி கிஹாரோ என்று நடுக்களம். முன்னால் ஈவா பயோர், கரோலின் கிரகாம் ஹான்சன். எழுதும்போதே மூச்சு வாங்குகிறது.

ஆர்சனலின் பாதை நேர் எதிர். தகுதிச் சுற்றின் முதல் கட்டத்திலிருந்தே ஆட வேண்டியிருந்தது. குரூப் கட்டத்தின் முதல் ஆட்டத்தில் பேயர்ன் மியூனிக்கிடம் 5-2 தோல்வி. அக்டோபரில் பயிற்சியாளர் யோனாஸ் எய்டவால் விலகினார், உதவியாளராக இருந்த ரெனே ஸ்லேகர்ஸ் பொறுப்பேற்றார். காலிறுதியில் ரியல் மாட்ரிட்டிடம் முதல் ஆட்டம் 0-2, திரும்பி வந்து 3-0. அரையிறுதியில் லியோனிடம் சொந்த மைதானத்தில் 1-2, பிறகு பிரான்சுக்கே போய் 4-1. இப்படி விழுந்து எழுந்து வந்த அணி.

அன்று சனிக்கிழமை, நம் நேரப்படி ராத்திரி ஒன்பதரைக்கு ஆட்டம். ஏற்காட்டில் கோடை விழா சமயம். ஒண்டிக்கடை பக்கம் வண்டி நகர இடமில்லை. பிள்ளைகளில் ஒருத்தியின் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். அவள் அப்பா காபி எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர். கால்பந்து அவருக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனாலும் கடைசி வரை எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

பார்சிலோனாவோடு ஆடுகிற அணிகள் பெரும்பாலும் தங்கள் பெனால்டி ஏரியாவுக்குள் பத்துப் பேரையும் இறக்கிவிட்டுக் கடவுள் விட்ட வழி என்று நிற்கும். ஆர்சனல் அப்படி நிற்கவில்லை. பேக் வரிசையை முன்னால் ஏற்றி வைத்திருந்தார்கள். அதில் உள்ள ஆபத்து ஆடியவர்களுக்குத் தெரியும். வரிசைக்குப் பின்னால் பெரிய வெற்றிடம். பயோர் மாதிரி ஒருவர், வரிசையை ஊடுருவி வரும் ஒரு பாஸுக்கு (த்ரூ பால்) ஓடிவிட்டால் கீப்பர் மட்டும்தான் மிச்சம். பாஸ் வரும் நொடியில் பேக் வரிசையைத் தாண்டி நிற்கும் எதிராளி ஆஃப்சைடு, அவள் கோல் போட்டாலும் செல்லாது. ஆனால் நால்வரில் ஒருத்தி ஓரடி பின்தங்கினாலும் அந்த ஆஃப்சைடு போச்சு. லியா வில்லியம்சனும் ஸ்டெஃப் காட்லியும் நடுவில், எமிலி ஃபாக்ஸும் கேட்டி மெக்கேபும் இரண்டு பக்கமும். பார்சிலோனா பந்தைப் பின்னால் தட்டும்போது நான்கு பேரும் சேர்ந்து ஏறுவதைப் பாருங்கள். நாங்கள் பயிற்சியில் "ஏறு, ஏறு" என்று தொண்டை வறளக் கத்துவோமே, அதுதான் இது.

முதல் பாதியில் ஆர்சனலின் ஃப்ரிடா மானும் ஓரத்திலிருந்து அனுப்பிய பந்து (கிராஸ்) பார்சிலோனா பேக் மேலேயே பட்டு உள்ளே போனது, ஆனால் மானும் ஆஃப்சைடு என்று அந்தக் கோல் போயிற்று. இரண்டாம் பாதி தொடங்கியதும் பார்சிலோனாவின் கிளாடியா பீனா அடித்த பந்து கம்பத்தின் மேல்பட்டையில் பட்டுத் தெறித்தது. பார்சிலோனா அலை அலையாக வந்த நேரம் அது. அந்த நேரத்தில் வில்லியம்சன் ஒரு இடத்தில்கூட அவசரப்பட்டுக் காலை நீட்டவில்லை. எதிராளி வரும் பாதையை அடைத்து, அவளை வெளிப்பக்கம் தள்ளி, கிராஸ் வந்தால் முதல் ஆளாகப் பந்தைத் தொடுவது. அவ்வளவுதான் செய்தார். செய்து பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். ஆட்ட நாயகி விருது அவருக்குத்தான் கிடைத்தது. 2023 ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்து உலகக் கோப்பையையே தவறவிட்டவர் அவர். அந்தக் காயம் பெண் ஆட்டக்காரர்களை எப்படிப் போட்டுப் படுத்துகிறது என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

67-வது நிமிடத்தில் ஸ்லேகர்ஸ் இரண்டு பேரை உள்ளே அனுப்பினார்: பெத் மீட், ஸ்டினா பிளாக்ஸ்டீனியஸ். 74-வது நிமிடம். ஏரியாவின் விளிம்பில் மீட் கால் மாற்றாமல் ஒரு சின்னப் பாஸ் தட்டினார். பிளாக்ஸ்டீனியஸ் அதை எடுத்துத் தாழ்வாக அடித்தார், பார்சிலோனா கீப்பர் காதாவைத் தாண்டி உள்ளே போனது. பெஞ்சிலிருந்து வந்த இருவர், ஏழே நிமிடத்தில். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து வெறுத்துப் போனவள் ஒருத்தி இருந்தாள். கத்திய கத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

பயோருக்காக வருத்தமாகவும் இருந்தது. வோல்ஃப்ஸ்பர்க்கில் இருந்தபோது நான்கு இறுதிப் போட்டிகளில் தோற்றவர். அணி மாறி வந்தும் ஐந்தாவது தோல்வி.

பேக் பற்றிப் பேசும்போது 2007-ஐச் சொல்லாமல் விட முடியாது. அப்போது இந்தப் போட்டிக்கு யூஈஎஃப்ஏ மகளிர் கோப்பை என்று பெயர், இறுதி இரண்டு ஆட்டங்களாக நடக்கும். இறுதியில் ஆர்சனலின் எதிரணி ஸ்வீடனின் ஊமெயோ, அதில் பிரேசிலின் மார்த்தா ஆடினார். ஸ்வீடனில் நடந்த முதல் ஆட்டத்தின் கடைசி நேரத்தில் ஆர்சனலுக்காக ஒரே கோல் அடித்தவர் அலெக்ஸ் ஸ்காட். அவர் ஒரு ரைட் பேக்! இரண்டாவது ஆட்டம் 0-0. மார்த்தா இருந்த அணியை இரண்டு ஆட்டத்திலும் கோலே போட விடாமல் கோப்பையை எடுத்தார்கள். ஆர்சனல் வென்ற இந்த இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளும் 1-0 கணக்கில் வந்தவை, இரண்டிலும் எதிரணிக்குக் கோல் கிடையாது. "பேக்ல நில்லு" என்று முகம் சுளித்துச் சொல்பவர்களிடம் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

அதே மே 24 அன்று ஆசியாவிலும் ஓர் இறுதிப் போட்டி நடந்தது, இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் சீசன். சீனாவில் வூஹான் ஜியாங்ஹான் பல்கலைக்கழக அணி, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் சிட்டியை பெனால்டியில் வென்றது. நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம், ஏனென்றால் அந்தப் போட்டியில் ஒடிசா எஃப்சி ஆடியது. ஜோர்டான், சிங்கப்பூர் அணிகளை வென்று குரூப் கட்டத்துக்குப் போனார்கள். அங்கே ஜப்பானின் உராவா ரெட் டைமண்ட்ஸிடம் 17-0.

அந்த ஸ்கோரைப் பார்த்துக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண்கள் தைரியமாகப் போய் நின்றார்கள். வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள் மட்டும் ஆடிவிட்டுப் போகிற பேக் வரிசைக்கு, வாரா வாரம் லீக் ஆடுகிற அணியின் வேகம் எப்படிப் பழகும்? சேர்ந்து ஏறுவதும் இறங்குவதும் ஆட்டம் ஆடி ஆடித்தான் வரும். அடுத்த சீசனிலேயே ஈஸ்ட் பெங்கால் குரூப் கட்டத்தில் ஈரானின் பாம் காதூனை 3-1 என்று வென்றது. அதற்கு முன்பே 2021-ல் ஆசிய கிளப் போட்டியில் கோகுலம் கேரளா ஜோர்டானின் அகாபாவில் உஸ்பெகிஸ்தானின் புன்யோத்கோரை 3-1 என்று வென்றிருக்கிறது. 2022-ல் மறுபடி தாஷ்கண்ட் வரை போனார்கள். ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தைத் தடை செய்ததால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்ப வேண்டியதாயிற்று. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

நம் மதுரை சேது எஃப்சி 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. அந்த வருடம் ஆசியப் போட்டி நான்கே நாட்டு அணிகளோடு நடந்தது, இந்தியாவுக்கு இடமே இல்லை. நேரம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் ஒரு தமிழ்நாட்டு அணி அங்கே நின்றிருக்கும். இன்னொரு நாள் நிற்கும் என்று நம்புகிறேன்.

சரி, அந்த லிஸ்பன் ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. கோல் தொகுப்பை மட்டும் பார்க்காதீர்கள், அதில் நான் சொன்ன எதுவும் இருக்காது. முழு ஆட்டத்துக்கு நேரம் இல்லை என்றால் இரண்டாம் பாதியைப் போடுங்கள். பந்தை விட்டுவிட்டு வில்லியம்சனையும் காட்லியையும் மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். பந்து எங்கே இருக்கும்போது அவர்கள் எங்கே நிற்கிறார்கள், யார் கை காட்டுகிறார்கள், யார் முதலில் ஏறுகிறார்கள் என்று கவனியுங்கள். அப்புறம் 2024 பில்பாவோ இறுதியைப் பாருங்கள். 50,827 பேர் நேரில் பார்த்த ஆட்டம், பார்சிலோனா லியோனை 2-0 என்று வென்றது. அந்த பார்சிலோனாவைப் பார்த்தால், அடுத்த வருடம் ஆர்சனலின் அந்த நால்வர் எதைத் தடுத்து நிறுத்தினார்கள் என்பது விளங்கும்.